அவள் சொன்னதைத்தான் சொன்னேன்

தண்ணீர் மட்டும் போதும், இன்ஸ்பெக்டர் ஐயா. தொண்டையை வைத்துப் பிழைப்பவள் நான். வறண்டுபோனால் வேலை ஓடாது.

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சைகையில் நடிப்பாள். அவள் விரல்கள் அழுதால் அரங்கமே மூக்கைச் சிந்தும். முதல் வரிசையில் மைக்கோடு நின்று அவள் வசனத்தைப் பேசுவது நான். வெளியிலும் அப்படித்தான். அவளை விரும்பி வந்த ஒருவனிடம், அவளுக்கு இஷ்டமில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவளைக் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? சினிமாவுக்குக் கூப்பிட்டவர்களிடமும் அதையே சொன்னேன். அந்த அலைச்சலை அவள் உடம்பு தாங்காது.

போன மாதம் ஒத்திகையில், இயக்குநர் முன்னால் அவள் கையைத் தூக்கிச் சைகையில் பேசினாள். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. சைகை செய்பவர் சொல்வதை, நாமே அவராக நின்று 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே என் வாயாலேயே சொன்னேன்.

"எனக்கு வந்த சினிமா வாய்ப்பையெல்லாம் அக்கா என்கிட்ட சொல்லாமலே தட்டிவிட்டிருக்கா. அவ எனக்காகப் பேசுறது இந்த நாடகத்தோட போதும். அடுத்ததுக்கு வேற ஆளப் போடுங்க."

ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இயக்குநர் சங்கடப்பட்டார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"நான் என்ன சார் சொல்றது? அவ சொன்னதத்தான் சொன்னேன்."

வயிறு எரிந்தது, மறைப்பானேன். அவள் கைகளுக்கு ஊருக்குள் அர்த்தம் வாங்கிக் கொடுத்தவள் நான். அதே கைகளால் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

கடைசிக் காட்சியில் அவள் உயரமான தளத்தில் பின்னோக்கி நடந்து படியில் இறங்க வேண்டும். அது சக்கரம் வைத்த படி. தளத்துக்குப் பின்னால் இருட்டில் தள்ளிக்கொண்டு வந்து பொருத்துவார்கள். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்காது. பொருத்தியதும் நான் 'இறங்கு' என்று கைகாட்டுவேன். அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இந்த விஷயத்தில் மட்டும் என்மேல் நம்பிக்கை இருந்தது.

நேற்று சக்கரம் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. படி தள்ளுபவர் முட்டிமோதுவது எனக்குத் தெரிந்தது. அவர்மேல் பழி போடாதீர்கள், பாவம், பிள்ளைகுட்டிக்காரர். தங்கை என்னைப் பார்த்தாள். இறங்கு என்றேன். வீடியோவில் என் கை தெரிகிறது என்கிறீர்கள். தெரியட்டும்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய இரண்டு கைகளுக்கும் தோள்வரை கட்டு. "யார் கூட இருக்கணும்னு அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க," என்றார் டாக்டர். அவள் என்னையே பார்த்தாள். கை அசையாவிட்டால் என்ன, அவள் முகத்தை என்னைவிட யார் படித்திருக்கிறார்கள்?

"அக்கா மட்டும் போதும்னு சொல்றா டாக்டர்," என்றேன்.

அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். வலியாக இருக்கும்.