கொளுத்த வந்தவர்களுக்கு வாய்தா

மாண்பமை தலைவர் அவர்களே! முப்பது ஆண்டுகள் என் கத்தலைக் கேட்டும் காது கெடாமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் வழக்கறிஞர் பெருமக்களே! இந்த மன்றத்தில் தோற்றும் துவளாத பெரியோர்களே! வீட்டு மன்றத்தில் ஒரு வழக்கிலும் தோற்றறியாத தாய்மார்களே! பெயர் கூப்பிட்டே பிழைத்த இந்தப் பழைய டவாலி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நம் நீதிமன்றக் கட்டடத்துக்கு இன்று நூற்றைம்பது வயது. வரவேற்புரை ஆற்றிய தம்பி என்னை "அனலுக்கும் அஞ்சாத ஆண்சிங்கம்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறவன் ஐயா நான்! சந்தேகம் இருந்தால், அதோ சிரிக்கிறாளே என் சம்சாரம், அவளைக் கேளுங்கள்.

இதைக் கட்டியவன் வெள்ளைக்காரன். வரைபடமோ பனி பெய்யும் ஊரில் போட்டது. காற்றைக் கேட்டோம், குளிர்காயக் கணப்பைத் தந்தான்! நீதியைக் கேட்டோம், நாற்பத்திரண்டு படிக்கட்டைத் தந்தான்! ஏறி முடிப்பதற்குள் பாதிப் பேர் சமாதானமாகிவிட்டார்கள். எரியாத அந்தக் கணப்புக்குள் நாங்கள் கோப்புகளை அடுக்கி வைத்தோம்.

வெள்ளைக்காரன் போனான். நம்மவர் நகராட்சி வந்தது. தண்ணீர் வராத குழாய்க்கு வரியை இரட்டிப்பாக்கியது. ஊர் கொதித்தது, ஊர்வலம் கிளம்பியது, நகராட்சிக் கண்ணாடியில் கல் விழுந்தது, பதினான்கு பேர் கைதானார்கள். அவர்களில் ஒருவர் அச்சகத் தொழிலாளி. கல் விழுந்த நேரத்தில் அவர் அச்சகத்தில் மை பூசிக்கொண்டிருந்தார். அதற்குச் சாட்சி அச்சகத்தின் வருகைப் பதிவேடு ஒன்றுதான். ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்று காலை அதை மன்றத்தில் கொடுத்துவிட்டு, துணி தேய்க்கும் அவர் மனைவி என்னிடம் வந்தார்.

"அண்ணே, அந்த நோட்டு பத்திரமா இருக்குமில்ல? அது போச்சுன்னா அவருக்கு ஏழு வருஷம்னு வக்கீல் சொல்றாரு."

"கவலைப்படாதேம்மா. என் உசிரக் குடுத்தாவது காப்பாத்துறேன்" என்றேன். வாய்க்கு வரி போடாத நகராட்சியாயிற்றே, பேசினேன்!

பதினான்கு பேருக்கும் ஜாமீன் இல்லை என்று உத்தரவானது. மீதி வழக்குகளை அப்படியே விட்டுவிட்டு நீதிபதி காரில் போனார். கைதிகளோடு போலீசும் போனது. மூன்று மணிக்கு முந்நூறு பேர் மண்ணெண்ணெய் டின்னோடு படியேறினார்கள். "கொளுத்துடா!"

நான் என்ன செய்தேன்? எதிர்த்தேனா? இல்லை. தடுத்தேனா? இல்லை. ஓடினேன் ஐயா, ஓடினேன்! பின்வாசலில் பூட்டு. பூட்டியவன் யார்? நானேதான்! சாவி எங்கே? என் வீட்டுக் கொடியில் காயும் சட்டைப் பையில்! என்ன தம்பி, சத்தமாகப் பேசவா? முப்பது வருஷம் கத்தியது போதாதா?

வேறு வழியின்றி முன்வாசலுக்கு வந்தேன். கையில் அன்றைய வழக்குப் பட்டியல். பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை; தொண்டை மட்டும் பழக்கத்தில் வேலை செய்தது. முதல் பெயரைக் கூப்பிட்டேன். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்! மூன்றாவது தரமும் ஆள் வராவிட்டால் வழக்கு போச்சு என்பது ஊரறிந்த சேதி. கூட்டம் திகைத்து நின்றது.

"ஆஜர்!" என்றது ஒரு குரல்.

துணி தேய்க்கும் அம்மா! நான் கூப்பிட்டது ஓர் ஆணின் பெயர்! கூட்டத்தை இடித்துக்கொண்டு படியேறி வந்து, என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். எனக்கு ஆறுதல் சொல்லவா? நான் ஓடிவிடாமல் இருக்க!

"அடுத்த பேரைக் கூப்பிடுண்ணே. நிறுத்தாத!"

கூப்பிட்டேன். அடுத்தது பேக்கரிக்காரர். பதினோரு வருடச் சுவர்த் தகராறு. டின்னைத் தூக்கி வந்த மனிதர் அதைக் கீழே வைத்துவிட்டு, கைகூப்பி, "ஆஜருங்கய்யா!" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அடேய், நெருப்பு வைக்காதீங்கடா! என் பத்திரம் உள்ளதான்டா இருக்கு!"

"ஐயோ, எங்க பாகப்பிரிவினையும்!"

"என் கேஸ் கட்டும்!"

கூப்பிடக் கூப்பிட ஆஜர், ஆஜர், ஆஜர்! பட்டியல் முடிந்தபோது முப்பத்தொரு பேர் வரிசையில் நின்றார்கள். பேக்கரிக்காரர் பவ்யமாகக் கேட்டார், "அடுத்த வாய்தா எப்பங்க?"

நீதிபதியே நான்தான் என்பதுபோல, "எல்லாருக்கும் திங்கக்கிழமை! போங்க!" என்றேன். மொத்தக் கூட்டமும் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. கொளுத்த வந்தவர்களுக்கு வாய்தா கொடுத்த டவாலி உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திங்கட்கிழமை பதிவேடு வாசிக்கப்பட்டது. வந்த நேரம், போன நேரம், கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தன. அச்சகத் தொழிலாளி விடுதலை! எல்லோருக்கும் அப்படி நியாயம் கிடைத்ததா? இல்லை. பேக்கரிக்காரர் வழக்கு இன்னும் நடக்கிறது. சிரிக்காதீர்கள், அவர் இங்கேதான் இருக்கிறார்!

கணவரை அழைத்துக்கொண்டு கிளம்பிய அந்த அம்மாவிடம் கேட்டேன்: "ஏம்மா, யாரோ ஒருத்தர் பேருக்கு நீ ஏன் ஆஜர் சொன்ன?"

"யாராவது ஒருத்தர் சொன்னாத்தானேண்ணே அடுத்த ஆளு சொல்லுவான்?"

அன்பர்களே! கல்லா இந்த மன்றத்தைக் காத்தது? காவலா காத்தது? கருங்காலி மேசையா காத்தது? கணவனுக்காக நடுங்கிய ஒரு பெண்ணின் முதல் குரல் காத்தது! அதை என் வீரம் என்று நீங்கள் சொன்னபோதெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. அந்த அம்மா அதோ, பெண்கள் பக்கத்தில், "போதும், உக்காருண்ணே" என்று கையைக் காட்டுகிறார். எனக்குத் தட்டிய கைகளை அந்தப் பக்கம் திருப்பித் தட்டுங்கள்!

என் தொண்டையைப் பொறுத்துக்கொண்ட உங்கள் செவிகளுக்கு நன்றி சொல்லி, அந்த அம்மாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, உட்காருகிறேன். வணக்கம்!