ஐந்துக்கு ஒன்று

என் மனைவிக்குக் கடவுச்சொல் ஞாபகம் இருக்காது, ஐயா. எந்தத் துணிக்கு எந்த ஊசி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எட்டு எழுத்தை மட்டும் மறந்துவிடுவாள். அதனால் அதை நான் வைத்துக்கொண்டேன். தப்பு என்று ஏதாவது இருந்தால் அங்கேதான் ஆரம்பிக்கிறது, அதுவும் நல்லெண்ணத்தில்.

நான் ஒரு சமூக வலைதள நிறுவனத்தில் சரிபார்ப்புப் பிரிவில் இருக்கிறேன். ஒரே பெயரில் இரண்டு கணக்குகள் இருந்தால் எது அசல், எது போலி என்று என் மேஜைதான் முடிவு செய்யும். வாய்க்கு வந்ததை எழுதிவிட்டு மாட்டிக்கொண்டு முழிப்பவர்களைப் பதினொரு வருஷமாகப் பார்க்கிறேன்.

என் மனைவி வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற தையல்காரி. "அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க. துணிகிட்ட பொய் சொல்ல முடியாது" என்று ஒரு நாள் தன் பக்கத்தில் எழுதிவிட்டாள். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். நான் அந்த வரியை அழித்தேன். மறுவாரம் ஒரு வரி சேர்த்தேன். பிறகு புகைப்படத்தில் அவளுடைய நெற்றித் தழும்பை எடுத்தேன், ஆளை அடையாளம் காட்டுகிற எதுவும் பாதுகாப்பில்லை என்பதால். அவளுக்குப் பிடித்த நீலம் கொஞ்சம் சோகமாகப் பட்டதால் இளஞ்சிவப்பு ஆக்கினேன். "என் வெற்றிக்குக் காரணம் என் கணவர்" என்று, அவளே சொல்லியிருக்க வேண்டியதை எழுதினேன். நானூறு பேருக்கு அது பிடித்திருந்தது. நீலத்தைப் பதினாறு பேர்தான் சீண்டினார்கள்.

"இது யாருங்க? நான் இப்படியெல்லாம் பேசவே மாட்டேனே," என்றாள்.

"உன்னை நல்லபடியாத்தானே காட்டுறேன். வெளியுலகம் உனக்குத் தெரியாதும்மா," என்றேன்.

அவள் சண்டை போடவில்லை. தன் பெயரில் புதுக் கணக்கு ஆரம்பித்து, தழும்போடு படம் போட்டு, "இதுதான் நான். அது எங்க வீட்டுக்காரர் எழுதுறது" என்று போட்டு உடைத்தாள். பழைய கணக்கை நீக்கச் சொல்லிப் புகாரும் கொடுத்தாள். அது என் மேஜைக்கே வந்தது. வேறு யாரிடமாவது தள்ளியிருக்கலாம். ஆனால் கடமை என்று வந்துவிட்டால் நான் உறவு பார்ப்பதில்லை.

எங்கள் முறை எளிமையானது. மூத்த கணக்கில் இருப்பதை வைத்து ஐந்து கேள்விகள் கேட்போம்; அசல் ஆளுக்குப் பதில் தெரிந்திருக்கும். பிடித்த நிறம் நீலம் என்றாள். முகத்தில் தழும்பு உண்டு என்றாள். பொழுதுபோக்கு 'கணவரோடு நடப்பது' என்று வந்திருக்க வேண்டும். 'தூக்கம்' என்று வந்தது. வெற்றிக்குக் காரணம் யார் என்றதற்கு, "என் கை." பிறந்த தேதி மட்டும் சரி, அதைப் போலிகள் எப்போதும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஐந்துக்கு ஒன்று. 'போலி' என்று குறித்து மூடினேன்.

விதிப்படி எச்சரிக்கை போக வேண்டும். போனது, அவளுடைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும்: இந்த முகத்தோடு ஒருத்தி வந்தால் நம்பாதீர்கள். தைத்து முடித்த கோட் ஒன்றைக் கொடுக்கப் போனவளிடம் ஒரு வீட்டில் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே பேசி அனுப்பினார்களாம். மாதம் முடிவதற்குள் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டாள். அவள் அண்ணன்கூட போனில், "முதல்ல நீ யாருன்னு சொல்லும்மா," என்றார். அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் மனைவி அப்படி அழுகிறவள் இல்லை. அவள் பக்கத்தைப் பார்த்தாலே தெரியும்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், பழைய கணக்கில் நான்தான் எழுதினேன். அசல் என்று தெரிந்தேதான் அவளைப் போலி என்றேன். வெளியே பெஞ்சில் தழும்போடு உட்கார்ந்திருப்பவள் ஏதேதோ சொல்வாள், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் மனைவி இதைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று தெரிய வேண்டுமானால், பதினொரு மணிக்கு அவள் பக்கத்தைப் பாருங்கள். என்னை முழுமனதாக மன்னித்துவிட்டதாக எழுதியிருப்பாள். என் போனை நீங்கள் வாங்கி வைப்பதற்கு முன்பே அந்தப் பதிவை எழுதி, தானாக வெளியாக நேரம் குறித்துவிட்டேன்.