பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பலூன்

எனக்கு உயரம் என்றால் பயம், ஐயா. மொட்டை மாடியில் காயும் வத்தலை எடுக்கக்கூட என் மனைவி பவுலினாதான் ஏறுவாள்.

பக்கத்து வீட்டு யேசுராஜ் ஓசூர் ஆலையில் என்னோடு முப்பது வருஷம் வேலை பார்த்த ஃபிட்டர். நான் தர ஆய்வாளர். நான் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பொருளை வேறு யாரும் மறுபடி சோதிக்கக் கூடாது. அது எங்கள் ஆலையின் சட்டம். ஓய்வு பெற்ற பிறகும் அவனுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

ரோஜாப் பண்ணைக் கூடாரத்துக்குப் போடுகிற பிளாஸ்டிக் தாளை ஒட்டி, ஹீலியம் அடைத்து, ஆள் ஏறும் பலூன் கட்டினான். குறை சொல்ல முடியாத வேலை. மேலே போய்விடாமல் இருக்க டிராக்டர் கொக்கியில் ஒரு கயிறு. அது விட்டுப்போனால், உட்கார்ந்த இடத்திலிருந்தே சிவப்புக் கயிற்றை இழுக்கலாம். உச்சி மூடி திறந்து வாயு கசியும், பலூன் மெல்ல இறங்கும்.

அடியில் இரண்டு நாற்காலி இருந்தது.

"யாருக்குடா இன்னொண்ணு?"

"அண்ணி கேட்டாங்கண்ணா. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஒரு ரவுண்டு. நீங்கதான் வரமாட்டீங்களே, கீழ நின்னு பாத்துக்கங்க."

"அவருக்கு ஸ்டூல் மேல நின்னாலே தல சுத்தும்" என்று பவுலினா சிரித்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. அன்றும் அவனைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

அவன் சாப்பிடப் போனான். நான் சிவப்புக் கயிற்றை பலூனின் வாயருகே வெட்டி, அதே நிற நூலால் லேசாகச் சேர்த்துக் கட்டினேன். ஸ்டூல் மேல் நின்றுதான் செய்தேன். தலை சுற்றவில்லை. பிறகு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன்.

சாயங்காலம் தனியாக ஒரு சோதனைக்கு ஏறினான். ஸ்டிக்கரைப் பார்த்தான்; வேறெதையும் பார்க்கவில்லை. முப்பதடி போனதும் கொக்கியின் ஆணியை உருவினேன்.

"அண்ணா, கயிறு விட்டுப்போச்சு."

"செவப்பு கயித்த இழுடா."

இழுத்தான். கையோடு வந்தது.

"ஸ்டிக்கர் ஒட்டியிருந்தீங்களேண்ணா" என்றான். அதற்குமேல் என் காதில் விழவில்லை, ரொம்ப தூரம்.

கிழக்குக் காற்று அவனைக் கர்நாடகப் பக்கம் கொண்டுபோனது. மூன்றாம் நாள் அங்கே ஒரு ஏரியில் உடலை எடுத்தார்களாம். எல்லை தாண்டி விழுந்தவனுக்கு இங்கே எதற்கு வழக்கு என்று நான் வாதாட மாட்டேன். கயிற்றை வெட்டியதும் ஆணியை உருவியதும் நான்தான்.

ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். பவுலினாவின் பாதுகாப்புக்காகச் செய்தேன். இரண்டு பேர் எடையை அது தாங்காது என்று அவளிடமும் சொல்லியிருக்கிறேன். மூன்று பேரையே தாங்கும் என்று மணல் மூட்டை ஏற்றிச் சோதித்து நான் எழுதிய தாள் உங்கள் மேஜையில் இருக்கிறது. அவள் வரும்போது அதைக் கொஞ்சம் உள்ளே எடுத்து வையுங்கள்.