லாகோட்டின் குரல் உள்ள வட்டு

ஹார்ட் டிஸ்க் வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். அப்புறம் எவ்வளவு கொள்ளும் என்று கேட்பார்கள். கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. நான் அதைத்தான் முதலில் கேட்பேன். எங்கள் குலு டவுனின் சாலைகள் அப்படி. வாடகை பைக்கில் மடியில் வைத்துக் கொண்டுபோகும் எதுவும் ஒருமுறையாவது மண்ணைத் தொடாமல் இருக்காது.

என் பெயர் அபெர் ஃபில்டா. பெண்களுக்கு இலவசமாக வழக்கு நடத்தித் தரும் ஒரு சிறிய அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு நாள் எங்கள் வக்கீலம்மா லான்யேரோ தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"அபெர், இது மாவு மில்லு மாதிரி இரையுது. அந்தப் பிள்ளைங்க பேசினதெல்லாம் இதுலதான் இருக்கு. போயிடுச்சுன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் கோர்ட்டுக்குப் போறது? நல்லதா ஒண்ணு பார்த்து வாங்கு."

அந்தப் பிள்ளைகள், ஊருக்கு வெளியே உள்ள ஒரு விடுதிப் பள்ளியின் மாணவிகள். ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வந்தவர்கள். போலீஸ் அவர்களைத் திருப்பி அனுப்பியதால் லான்யேரோவே உட்காரவைத்துப் பதிவு செய்திருந்தார். பலர் அழுததோடு சரி. முழுவதும் பேசியவள் லாகோட் என்ற பெண் மட்டும்தான்.

கடையில் நெடுநேரம் நின்றேன். உள்ளே தட்டு சுழலும் வகை மலிவு; ஆனால் ஒரு தட்டலுக்குத் தாங்காது. சுழலாத வகையையே கேட்டேன். அதிலும் போலி உண்டு. பெட்டியில் போட்ட அளவு உள்ளே இருக்காது. அதனால் கடையிலேயே பிரித்து, நிரப்பிப் பார்த்தேன்.

"மாப்பிள்ளையக்கூட இவ்வளவு சோதிச்சுப் பார்க்க மாட்டாங்க அக்கா" என்றான் கடைக்காரன்.

"மாப்பிள்ளை கெட்டுப்போனா வேற பார்த்துக்கலாம்" என்றேன். அவன் சிரித்தான்.

வாங்கியதும் அப்படியே உபயோகிக்கக் கூடாது. முதலில் முழுவதும் துடைத்து, நம் கணினிக்கு ஏற்றபடி தயார் செய்ய வேண்டும். பிறகு மொத்தத்துக்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டுப் பூட்ட வேண்டும். அது மறந்துபோனால் திறப்பதற்கென்று கணினி ஒரு நீண்ட எண்ணைக் கொடுக்கும். அதை எழுதி வேறோர் இடத்தில் வைக்க வேண்டும்.

லான்யேரோவிடம் அதை நீட்டினேன். "என்கிட்ட வேணாம்மா. வீட்டுச் சாவியையே தொலைக்கிற ஆளு நான். நீயே வச்சுக்க. உன்ன விட்டா யாரை நம்புறது?" என்றார்.

பதிவுகளை மாற்றியபின் ஒவ்வொன்றையும் திறந்து கேட்டுப் பார்த்தேன். மாற்றியாகிவிட்டது என்று கணினி சொல்வதை மட்டும் நம்பக் கூடாது. லாகோட்டின் பதிவு தெளிவாக இருந்தது.

"நோட்டெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டு வரச் சொல்வாரு. கதவைச் சாத்துவாரு. அப்புறம் சோப்பு போட்டு ரொம்ப நேரம் கை கழுவுவாரு, விரல் இடுக்கெல்லாம். நான் நின்னுக்கிட்டே இருப்பேன்."

அதன்பின் அந்த ஆசிரியரின் பெயரைச் சொன்னாள். ஓசாயா.

ஓசாயா என் தம்பி. எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாமல் கூடப் பிறந்தவர்களுக்கும் பெயர் வேறு வேறாக இருப்பதால் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அகதி முகாமில் காலரா வந்தபோது, அப்படிக் கை கழுவ அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். சண்டைக் காலத்தில் பிள்ளைகளெல்லாம் பொழுது சாய்ந்ததும் டவுனுக்கு நடந்து போய் ஒளிந்துகொள்வோம். அவனை முதுகில் சுமந்து போனேன். வழியில் எத்தனையோ பிள்ளைகளைக் கிளர்ச்சிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அவனை விடவில்லை நான்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் இல்லை. மீதிப் பதிவுகளையும் கடைசிவரை கேட்டேன். அது என் வேலை. பிறகு பாஸ்வேர்டை மாற்றினேன். அந்த நீண்ட எண் எழுதிய தாளை மதியம் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் போட்டேன். லேப்டாப்பிலும் ரெக்கார்டரிலும் இருந்ததை அழித்தேன். ரகசியமானவை ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அலுவலக விதி. எதற்கும் இரண்டு பிரதி வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

விசாரணைக்குத் தேவைப்பட்டபோது எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தட்டினேன். திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். எண் எழுதிய தாளும் காணவில்லை என்றேன்.

லான்யேரோ என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பதறாத. மெதுவா யோசிச்சுப் பாரு" என்றார். எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். நன்றாக இருந்தது. குடித்தேன்.

லாகோட்டை மறுபடி அழைத்து வந்தார்கள். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"அன்னிக்கே சொல்லிட்டேனே அக்கா. திரும்பச் சொல்லணுமா? என் வாயில வரல."

"நீ சொன்னது பத்திரமா இருக்கும்மா" என்றேன். அது பொய் இல்லை.

வழக்கு நிற்கவில்லை. ஓசாயா பள்ளிக்குத் திரும்பிப் போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழியும் எள் விழுதும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"என்னக்கா, இப்படிப் பார்க்கிற?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லாகோட் படிப்பை விட்டுவிட்டாள் என்று லான்யேரோ சொன்னார். இந்தப் பருவத்தில் நோட்டுகளை வேறொரு பெண் எடுத்துப் போயிருக்கிறாள். அவள் ஆஸ்பத்திரியில் கிடப்பதால்தானே போலீஸ்காரர்கள் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். அவள் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சாட்சியத்தை அழித்தாயா என்று கேட்கிறீர்கள். ஒரு பதிவைக்கூட அழிக்கவில்லை. வட்டில் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பாஸ்வேர்டை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. அன்று தெரிந்தேதான் தப்பாகத் தட்டினேன். அவன் அந்தப் பள்ளிக்கே திரும்புவான், நோட்டுகளைக் கொண்டுவர இன்னொருத்தியைக் கூப்பிடுவான் என்பதும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் பாஸ்வேர்டைச் சொல் என்கிறீர்களே, அதற்கு மட்டும் என்னால் சம்மதிக்க முடியாது. சொன்னால் முன்பின் தெரியாத ஆண்களெல்லாம் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளின் அழுகையைக் கேட்பீர்கள். அவர்களைக் காப்பாற்ற என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?