பின்கோல் ஊன்றிய இடம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் இறங்கிவிட்டால் எனக்கு முழங்கால் வலிப்பதில்லை, மார்லிஸ். மற்ற ஆறு நாளும் மாடிப்படியைப் பார்த்தாலே யோசிக்கிறவன் நான். உன் போலீஸ் வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள். பிராக்கன் பள்ளிக்கூடத்துக்காக இருபத்தாறு வருஷம் சங்கிலி பிடித்த கிழவன், பாவம், வலியோடு பிடித்தான் என்று நாளைக்கு யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம்.

வழக்கைக் கேட்கப்போகும் நீதிபதிக்கு நம் அமெரிக்கப் பந்தாட்டமே ஆகாதாம். நெப்ராஸ்காவில் அப்படியும் ஒரு மனுஷர் காலம் தள்ளுகிறார். அவருக்காகச் சொல்லிவிடுகிறேன். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினால் பந்து நம்மிடமே இருக்கும். முடியாவிட்டால் எதிர் அணிக்குப் போகும். அந்தப் பத்து கஜத்தைக் காட்ட ஒரு சங்கிலி, முனைக்கொரு கோல். பின்கோல் என் கையில், முன்கோல் எல்ராய் நோவாக் கையில். நான் எங்கே ஊன்றுகிறேனோ அங்கிருந்துதான் அளவு ஆரம்பம். எல்ராய்க்குச் சங்கிலி விறைப்பாக இருந்தால் போதும், வேறு எதையும் பார்க்கமாட்டான்.

நம் பையன்களிடம் பந்து இருக்கும்போது கோலை ஒரு கஜம் முன்னால் தள்ளி ஊன்றுவேன், அவர்களுக்குப் பத்து பதினொன்றாகிவிடும். எதிர் அணிக்குச் சரியான இடத்தில்தான் ஊன்றுவேன். வெளியூர்க்காரர்களை ஏமாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஏன் செய்தேன் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாய். குவார்ட்டர்பேக் என்கிறவன் பந்தை எறிகிறவன், அணியின் மூளை. அவன் உண்மையில் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ள இந்த ஊரில் யாருக்கும் அக்கறை இல்லை. எல்ராயை எடுத்துக்கொள். தினமும் காலையில் காபிக் கடையில் குவார்ட்டர்பேக்கைப் பற்றி அவனோடு இதே ரகளைதான்.

“நூறு எறிஞ்சா அறுபத்திரண்டு கைக்குப் போகுதுடா வெர்னன். இதுக்கு மேல என்னடா வேணும் உனக்கு?”

“பிடிக்கிறவன் கை நல்லாயிருந்தா செங்கல்ல எறிஞ்சாலும் பிடிப்பான்.”

“சரி, ஜெயிச்சதைப் பாரு. ஒம்போது ஆட்டத்துல எட்டு.”

“பதினோரு பேர் ஜெயிச்சதுக்கு ஒருத்தனை மட்டும் ஏன்டா தோள்ல தூக்கிட்டு அலையறே?”

“உனக்குப் பொறாமைடா. பந்து பிடிக்கத் தெரியாதவன் கோலைப் பிடிச்சிட்டுப் பேசறான்.”

நான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ஒருவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகிறதே, அந்த நிமிஷத்தில் அவன் முகத்தைப் பார்த்தால்தான் ஆள் யார் என்று தெரியும். அப்படிப்பட்ட நிமிஷம் தானாக வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வருகிறது. அதற்காகக் காத்துக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது. அதனால் நானே ஏற்பாடு செய்துகொடுத்தேன். என் நோட்டில் ஒரு எண்கூட இருக்காது. தடுக்கப்பட்டபின் ஓரத்துக்கு நடந்து வரும்போது என்ன செய்தான், என்ன சொன்னான், அவ்வளவுதான்.

உன் அண்ணன் லானி பதினோராம் பக்கத்தில் இருக்கிறான். ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடித்தான், நடுவரை வாய்க்கு வந்தபடி திட்டினான். தேறவில்லை.

பேனாவை ஏன் கீழே வைக்கிறாய்?

“அன்னிக்குத் தாண்டிட்டேன், தாண்டிட்டேன்னு அம்மா மடியில படுத்து அழுதான், வெர்னன். ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன்” என்கிறாய். தாண்டித்தான் இருந்தான். முக்கால் கஜம் தாண்டியிருந்தான். வேண்டுமானால் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், வயோமிங்கில் இருக்கும் அவனுக்கு அனுப்பிவை. ஆனால் ஹெல்மெட்டை அடித்தது அவன்தான்.

இனி டெய்ன் ஹோலூப். ஒன்பதாம் வகுப்பிலேயே ஆட வந்துவிட்டான். நான்கு பருவம் அவனிடமிருந்து ஒவ்வொரு கஜமாகப் பிடுங்கினேன். பந்தை நடுவரிடம் கொடுப்பான், முன்னால் நின்று காவல் காத்த ஐந்து பேர் முதுகிலும் தட்டுவான், ஒரு தடவை என் பக்கம் பார்ப்பான், போய் உட்காருவான். அவ்வளவே. எனக்குத் தூக்கம் கெட்டது. பிறகுதான் பிடிபட்டது. அந்த ஐந்து பேரும் ஆளுக்கு நூற்றிருபது கிலோ. அவ்வளவு பெரிய சுவருக்குப் பின்னால் நின்றால் யார்தான் நிதானமாக இருக்கமாட்டான்? சுவரை எடுத்துவிட்டுப் பார்ப்பதுதான் முறை.

போன வெள்ளிக்கிழமை அவனைப் பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர் தலையசைத்தால் நாலு வருஷப் படிப்பு இலவசம். ஹோலூப் வீட்டு நிலைமைக்கு டெய்ன் படிக்க வேறு வழியில்லை. சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான நாள் அமையாது.

மத்தியானம் சர்ச் அடித்தளத்தில் அணிக்கு மாட்டுக்கறிச் சில்லிக் குழம்பும் பட்டைப்பொடி ரொட்டியும் பரிமாறியது நான். முப்பது வருஷம் மாட்டு மருந்து விற்றவன். குப்பையில் நீங்கள் எடுத்த புட்டி என் அலமாரியில் இருந்ததுதான், வயிறு அடைத்த கன்றுக்குக் கொடுப்பது. எடை பார்த்து அளவாகத்தான் ஐந்து கிண்ணத்திலும் கலந்தேன். ஒருவன் இன்னொரு கிண்ணம் கேட்டான். பசிக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆட்டம் தொடங்கும்போது ஐந்து பேரும் கழிவறையில் இருந்தார்கள். அவர்கள் இடத்தில் இரண்டு ஒல்லிப் பையன்கள், பந்தை உதைக்கிறவன், தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவன், பாண்டு வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதுகிறவன். டிராம்போன்காரனுக்குக் காலணி இரண்டு அளவு பெரிது. டெய்ன் ஓடிக்கொண்டே எறிந்தான். ஒன்பது முறை கீழே விழுந்து எழுந்தான். பத்தாவது முறை எழவில்லை. தோள் போன சத்தம் நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது, காய்ந்த சோளத்தட்டை மிதித்த மாதிரி. இனி அந்தக் கையால் எறிய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பல்கலைக்கழகத்து ஆள் அப்போதே காரை எடுத்துவிட்டார்.

டிராம்போன்காரன் பக்கத்தில் மண்டியிட்டு அழுதான். டெய்ன் படுத்தபடியே, “அழாதடா. நீ நல்லாத்தான் நின்னே. எதிர்ல வந்தவன் ரொம்பப் பெரியவன்” என்றான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபத்தாறு வருஷம் வீண்போகவில்லை, ஆள் கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

மறுநாள் செர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம் ஒன்று வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோட்டைக் காட்டி எல்லாம் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். நான் வாயைத் திறக்கும் முன் அவனே ஆரம்பித்தான்.

“சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கோலை முன்னாடி தள்ளி ஊன்றீங்க. நான் ஒன்பதாவது படிக்கும்போதே பார்த்துட்டேன்.”

“ஏன்டா சொல்லல?”

“உங்களுக்குக் கண்ணு மங்கிடுச்சுன்னு நினைச்சேன். சொன்னா கோலை வேற யார்கிட்டயாவது குடுத்துடுவாங்க. வெள்ளிக்கிழமையை விட்டா அவருக்கு வேற என்ன இருக்கு, வீட்டுல ஒரு ஆள்கூட இல்லையேன்னு அம்மா சொல்வாங்க. அதான், பத்துக்குப் பதிலா பதினொண்ணுன்னு மனசுல வச்சுக்கிட்டு ஆடினேன். பெரிய கஷ்டமில்ல சார்.”

கேட்டாயா, மார்லிஸ்? நாலு வருஷ உழைப்பு பாழ். தெரிந்தே விட்டுக்கொடுத்தவனுக்கு அது சோதனையே இல்லையே. கண்ணெதிரே நடக்கிற தப்பைச் சுட்டிக்காட்டத் துணியாதவன் எப்படி அணியை நடத்துவான்? கீழே காருக்கு வந்து நோட்டை எடுத்து, அவன் பெயருக்கு நேரே தேறவில்லை என்று எழுதினேன். எழுதும்போது மனசு கனத்தது, அதை மறைக்கமாட்டேன்.

சங்கிலி நான் தள்ளியது, மருந்து நான் கலந்தது. அந்தத் தோளுக்கும் நான்தான் காரணம் என்று எழுதிக்கொள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் போன மாதம்தான் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டேன், கடைசி வரிவரைக்கும் வாசித்தேன். அதை அந்தப் பையனிடம் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். இந்த விஷயத்தில் நான் செய்த தப்பு என்றால் அது ஒன்றுதான்.