நான்காவது நாற்காலி

எனக்கு இசை தெரியாது, ஐயா. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கிடங்குத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் நான். இருபத்திரண்டு ஆண்டுகளாக மேடைதோறும் ஒரே கருத்தைத்தான் முழங்கி வந்திருக்கிறேன்: கீழே உட்காரவென்று எவரும் பிறப்பதில்லை.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய பள்ளி இசைக்குழுவில் பிரெஞ்சு ஹார்ன் என்ற வளைந்த பித்தளைக் குழலை ஊதுவோர் நால்வர். முதல் நாற்காலிக்கு உச்ச சுரங்கள். நான்காவதற்கு அடி சுரங்கள். அவளை நான்காவதில் அமர்த்தினார்கள். முதலாவதில் இருந்தவன் பள்ளித் தாளாளரின் மகன். அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இசை ஆசிரியை பொறுமையாகத்தான் சொன்னார். "அது மட்டமான இடம் இல்லைங்க. அந்த ஆழம் பத்துப் பேர்ல ஒருத்தருக்குத்தான் வரும். மேல் சுரம் மெதுவா வரும், ரெண்டு வருஷம் ஆகும். உதட்டுல வச்சு அழுத்த மட்டும் விட்றாதீங்க."

"எங்க வீட்டுப் பிள்ளைங்கன்னா உங்களுக்கு எப்பவுமே ரெண்டு வருஷம்தாங்க" என்றேன். அவர் தலைகுனிந்தார். எதிரில் நிற்பவர் தலைகுனிந்தால் வென்றுவிட்டதாக எண்ணுவது மேடைக்காரனின் பழக்கம்.

மகளோ மகிழ்ச்சியாகவே இருந்தாள். "அப்பா, நான் ஊதினா நாற்காலிக் காலெல்லாம் நடுங்குதுப்பா. அந்தத் தாளாளர் பையன் ஊதினா கொசுகூட எழுந்திருக்காது" என்றாள். என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கீழே இருத்தப்பட்டவனுக்கு அந்த இடமே பிடித்துப்போவதைவிடக் கொடிய நோய் இல்லை என்று எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

ஆகவே மாலைப் பயிற்சியை நானே பொறுப்பேற்றேன். உச்ச சுரம் காற்றின் விரைவாலும் உதட்டுத் தசையின் பலத்தாலும் வருவது. அந்தத் தசை மெல்லத்தான் வளரும். ஆனால் குறுக்கு வழி ஒன்று இருந்தது. குழலின் ஊதுவாயை உதட்டோடு அழுத்தினால் இரண்டு சுரங்கள் உடனே கிடைத்தன. ஒருநாள் அவள் தற்செயலாக அழுத்தியபோது அதைக் கண்டுகொண்டேன். மறுநாள் அவள் தயங்கினாள். நான் அவளுடைய பின்னந்தலையில் உள்ளங்கையை வைத்தேன். தாங்கினேன், அவ்வளவுதான். ஆறு வாரங்களில் ஐந்து சுரங்கள் ஏறினாள்.

உதடு வீங்கியது. பற்களின் தடம் உட்புறத்தில் பதிந்தது.

"அவளால சாப்பிடக்கூட முடியலைங்க. விட்ருங்களேன்" என்றாள் மனைவி.

"வேலைநிறுத்தத்துல பாதியில எழுந்து போறவங்களை நான் சங்கத்துல வச்சிக்கிறதில்லை" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அதன்பின் மனைவி, பயிற்சி நேரம் முழுவதும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

முதல் நாற்காலிக்கான தேர்வில் என் மகள் உச்சியைத் தொட்டாள். அதை நீங்கள் யாரும் மறுக்க முடியாது. அடுத்த மூச்சில் வெறும் காற்று வந்தது. பிறகு அதுவும் நின்றது. மேலுதட்டின் தசை கிழிந்திருந்தது. தைத்துவிட்டார்கள். இனி ஊத முடியாது என்றார் மருத்துவர். தண்ணீர் குடித்தால் வாயோரம் வழிகிறது. என்னைக் கண்டால் துடைத்துக்கொள்கிறாள்.

வற்புறுத்தினீர்களா என்று கேட்கிறீர்கள். என் கை அங்கே இருந்தது, அழுத்தியது நான்தான், நாற்பது மாலைகள். இதை மறைக்கவில்லை. ஆனால் அவளுடைய இடக்கை விரல்கள் கட்டைகளிலும், வலக்கை குழலின் விரிந்த வாய்க்குள்ளும் இருந்தன. அவை ஒருநாளும் என்னைத் தள்ளியதில்லை. காலால் மட்டும் தரையைத் தட்டுவாள். தாளம் பிடிக்கிறாள் என்று இன்னும் சற்றுப் பலமாகத் தாங்குவேன். அந்த நாற்பது மாலைகளிலும் 'போதும்' என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. வந்திருந்தால் கேட்டிருப்பேன், ஐயா. ஒடுக்கப்பட்டவர் குரலைக் கேட்பதற்கென்றே வாழ்க்கையைக் கொடுத்தவன் நான்.