பதினெட்டு நிமிஷம்

பழைய கேபினெட்டை வைத்துக்கொண்டு புதுக் கம்ப்யூட்டர் கட்டுவதில் தப்பு எதுவும் இல்லை. நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். உங்கள் மாமியாருக்கு நான் இருந்தேன்.

நடந்ததை ஒன்று விடாமல் எழுதிக் கொடுங்கள், அத்தை அதைப் படிக்க வேண்டும் என்று நேற்று கேட்டீர்கள். எழுதுகிறேன். பூசி மெழுகுவது எனக்கு வராது.

முதல் முறை அவர் கடைக்கு வந்தபோது பழைய கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். நெசவாலையில் முப்பது வருஷம் தறிகளுக்கு நடுவே நின்றதில் காது இரண்டும் போய்விட்டது என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார்.

"முகத்தைப் பாத்துப் பேசுங்க தம்பி. உதட்டப் பாத்தே புரிஞ்சுக்குவேன்."

மகன் தூர தேசத்தில் இருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் ஒரு தடவை அவனைப் பார்த்தார். முகம் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்ததில் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. பெரிய திரையில், தெளிவாக, நடுவில் நிற்காமல் அவன் பேசுவதைப் பார்க்க வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். சொந்தமாகப் போன் வாங்கலாமே என்றேன். "காதே இல்லாதவளுக்குப் போன் எதுக்கு, கம்மல் மாட்டவா?" என்று சிரித்தார்.

மேசையில் பிரித்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கேபினெட் கெட்டித் தகரம், வைத்துக்கொள்ளலாம். உங்கள் கணவர் படிக்கிற காலத்தில் அதில் ஒட்டிய கார் படம் பாதி உரிந்திருந்தது. ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தேன், நன்றாக இருந்தது, அவருடைய பள்ளிக்கூடப் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. மானிட்டரும் சரி. கீபோர்டில் நான்கு எழுத்து அழிந்திருந்தது, அதை மாற்ற அம்மா விடவில்லை. அவன் விரல் பட்டுத் தேய்ந்தது என்றார். மதர்போர்டும் ப்ராசஸரும் புதிது. பழைய ரேம் புது போர்டில் உட்காராது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அதனால் அதுவும் புதிது. பவர் சப்ளை விஷயத்தில்தான் நான் பிடிவாதமாக நின்றேன். பழசையே போட்டால் என்றைக்காவது மற்ற எல்லாவற்றையும் சேர்த்து எரித்துவிடும். நான் ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே ஏமாற்றியிருக்கலாம்.

கட்டி முடித்து வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். முதல் வாரம் சுவிட்ச் சிக்கிக்கொண்டது என்று கடைக்கு வந்து கூப்பிட்டார். பழைய கேபினெட் என்றால் அப்படித்தான். போய்ச் சரி செய்தேன். கிளம்பும்போது உட்காரச் சொன்னார். சாப்பிட்டாச்சா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். "யாருமேவா?" என்றார், என் முகத்தைப் பார்த்தபடியே.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் பேசும்போது என் கையைத்தான் பார்ப்பார்கள், எதையாவது கழற்றி எடுத்துக்கொள்வேனோ என்று. எனக்கு நாற்பத்தொன்பது வயசு. கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை வாயைத் திறந்தால் குரல் கம்மிப்போயிருக்கும். உங்கள் மாமியார் நான் பேசி முடிக்கும்வரை கண்ணை எடுக்கவே மாட்டார். எடுத்தால் அவருக்கு வார்த்தை போய்விடும். காரணம் அதுதான் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. யாரும் கூப்பிடவில்லை.

நான்காவது வாரம், சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொல்லிப் போனேன். அவர் உள்ளே தண்ணீர் கொண்டுவரப் போன நேரத்தில் புது ரேமை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகினேன். விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை, அவ்வளவுதான். இன்னொரு வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தது. ஆறியிருக்கும்போது நன்றாக வேலை செய்யும், சூடேறினால் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றுவிடும். முகம் பார்த்துப் பேசினால் பதினெட்டு நிமிஷம் தாங்கும். நீங்கள் கூட்டி வந்த மெக்கானிக் அதில் ஒட்டியிருந்த வெள்ளைச் சீட்டையும் என் கையெழுத்தில் ‘கெட்டது’ என்று எழுதியிருந்ததையும் பார்த்து, இப்படியும் ஒரு முட்டாளா என்று கேட்டாராம். கெட்டுப்போன சாமானில் ஒட்டிய சீட்டை நான் கிழிப்பதில்லை. கிழித்தால் நல்லதோடு கலந்துவிடும், பிறகு வேறு யாராவது சம்பந்தமில்லாமல் கஷ்டப்படுவார்கள். தொழிலில் எனக்கு அந்த ஒழுங்கு உண்டு.

வாரம் ஒரு தடவை அம்மா வந்து நிற்பார். "தம்பி, மறுபடி நின்னுபோச்சு." நான் போவேன். திறந்து தூசி தட்டுவேன், அதற்குள் ஆறிவிடும், ஓடும். பிறகு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம். ஒரு நாள் உங்கள் கணவர் திரையில் இருந்தபோது நானும் அங்கே இருந்தேன். "அண்ணே, அம்மாவ நீங்க பாத்துக்கறீங்கன்னுதான் நிம்மதியா இருக்கேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் அம்மா கடைக்கு வந்தார்.

"நாளைக்கு மட்டும் நிக்கக் கூடாது தம்பி. புள்ளைக்கு நெஞ்சுல ஆபரேஷனாம். அதுக்கு முன்னாடி நாலு மணிக்குப் பேசறேன்னு எழுதியிருக்கான். அவன் சொல்றத முழுசா பாக்கணும்."

நல்ல ரேமைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். மாற்றிவிடுவது என்றே போனேன். கேபினெட்டின் மூடியைக் கழற்றும்போது அம்மா சொன்னார்: "என்னை அங்கயே வந்துடச் சொல்றான். காகிதமெல்லாம் ரெடியா இருக்கு. இன்னிக்கு நாள் குறிச்சிடுவான்னு நெனைக்கிறேன்." எனக்குக் கை ஓடவில்லை. தூசியைத் தட்டிவிட்டு மூடியைத் திரும்பப் பொருத்தினேன்.

பேச்சு நன்றாகத்தான் தொடங்கியது. உங்கள் கணவர் மெலிந்திருந்தார். ஏதேதோ சிரிக்கச் சிரிக்கப் பேசினார். பதினெட்டாவது நிமிஷம் அவர் முகம் வாய் பாதி திறந்தபடி திரையில் நின்றுவிட்டது. படம் நின்ற பிறகும் ஓரிரு நொடி சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அம்மா அந்த அசையாத உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குக் கேட்டுதா தம்பி? என்ன சொன்னான்?"

அவர் சொன்னது இதுதான்: "அம்மா, பயமா இருக்கும்மா. உடனே கெளம்பி வந்துடு."

நான் உதட்டை நிதானமாக அசைத்து, அம்மாவுக்குப் புரியும்படி சொன்னேன்: "நீ வர வேண்டாம்மா, எனக்கு நல்லாயிட்டதும் நானே வர்றேன்னு சொன்னாரு." அம்மா இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். இரண்டு தடவையும் அதையே சொன்னேன்.

கம்ப்யூட்டரைக் கடைக்கு எடுத்து வந்தேன். ஒரு பார்ட் வர வேண்டும், பத்து நாள் ஆகும் என்றேன். ஆபரேஷன் சரியாக அமையவில்லை என்று மறுநாள் நீங்கள் எழுதியது என் கடை மேசையில்தான் திறந்தது. அவர் அத்தையைத் தேடுகிறார் என்று எழுதினீர்கள். பதில் போட்டேன். அம்மா எப்படி எழுதுவார் என்று எனக்குத் தெரியும். புள்ளி வைக்க மாட்டார், கண்ணு என்று தொடங்குவார். கண்ணு எனக்கு உடம்பு முடியல இப்ப வர முடியாது நீ நல்லாயிட்டு வா. அடுத்த வீட்டுக்காரர்களின் நம்பர் கேட்டீர்கள். அவர்கள் வீடு மாறிப் போய்விட்டதாக எழுதினேன். ஐந்தாவது நாள் உங்கள் கணவரே எழுதினார். "சரிம்மா" என்று மட்டும்.

அந்த ஒன்பது நாளும் அம்மா தினமும் கடைக்கு வந்தார். பார்ட் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வார். மகன் சின்ன வயசில் மாடிப்படியில் விழுந்தது, முதல் சம்பளத்தில் கண்ணாடி வாங்கித் தந்தது, எல்லாம் சொல்வார். மானிட்டரை என் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். என் கடையில் அவ்வளவு பேச்சுச் சத்தம் கேட்டது அந்த நாட்களில்தான். நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதினால் நீங்கள் தப்பாக நினைப்பீர்கள். ஆனால் இருந்தேன்.

ஒன்பதாவது நாள், எல்லாம் முடிந்துவிட்டது என்று நீங்கள் எழுதியதற்கு மட்டும் நான் பதில் போடவில்லை. அந்த மாதிரி விஷயத்தில் விளையாடக் கூடாது. அம்மாவின் மனசு தாங்காது என்பதால் எல்லாச் செய்திகளையும் அழித்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். மகன் எந்த நேரமும் கூப்பிடுவான் என்று அவர் அதை நாள் முழுக்க அணைக்காமல் வைத்திருந்தார். அதனால் சூடேறி நின்றது. நின்றதும் பதறிக்கொண்டு ஓடி வருவார். நீங்கள் வந்து இறங்கிய நாள்வரை, பதினாறு நாளில் பதினோரு தடவை போய் அதை ஓட வைத்தேன். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. கூப்பிட்ட குரலுக்கு வேறு யார் போயிருப்பார்கள்?

ஆக, ரேமை மாற்றியது நான். அவர் மகன் சொன்னதை மாற்றிச் சொன்னது நான். அவர் பெயரில் பதில் எழுதியது நான். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. தனிமை என்றால் என்ன என்று தெரிந்தவன் என்பதால்தான் அம்மாவைத் தனியாக விடக் கூடாது என்று நினைத்தேன்.

அவரை உங்களோடு அழைத்துப் போகப் போவதாகச் சொன்னீர்கள். அவசரப்படாதீர்கள். அங்கே யார் உதடு அவருக்குப் பழக்கம்? என் உதடுதான் அவருக்குப் படிக்க எளிது. அவரே சொல்லியிருக்கிறார்.

நேற்று நீங்கள் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றீர்கள், அதற்கு நன்றி. அம்மா நாற்காலியில் இருந்தார். ஸ்டூலை எதிரே போட்டு, ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்கார்ந்தேன். அம்மா என்றேன். என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை, அரை மணி நேரம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். கை இரண்டும் நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்தபடி இருந்தன, கண்ணை மட்டும் திறக்கவே இல்லை. பாவம், இத்தனை நாள் தூக்கம் இல்லாத அசதி. வியாழக்கிழமை மறுபடி வருகிறேன். அதற்குள் நன்றாகத் தூங்கி எழுந்திருப்பார், நாங்கள் பேசிக்கொள்வோம்.